ஒன்பதாவது பொத்தான்

ஆரஞ்சுப்பாறை எஸ்டேட்டில் இனி ஆள் பதிவுக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது, கையில் பிடிக்கிற கம்ப்யூட்டர்தான் என்று சேலத்துத் தலைமை அலுவலகம் ஒரு நாள் காலையில் முடிவு செய்தது. கம்ப்யூட்டர் வாங்க மூன்று நாள் ஆனது. அதன் திரைக்கு மேலே ஓடுகிற பட்டையில் எந்தெந்தப் பொத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் காபிப் பழம் பறித்த கைகளைவிடக் கூட்டத்தில் தூக்கிய கைகள்தான் அதிகம் என்று பக்கத்து ஊரான கொட்டச்சேட்டு டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் நாலும் பேசுவார்கள். இது மட்டும் உண்மை.

வினை வசந்தின் வாயிலிருந்துதான் வந்தது. சாஃப்ட்வேர் செய்துகொடுக்கப் பெங்களூரிலிருந்து வந்தவன் அவன்; வேலையில் கெட்டிக்காரன், ஆபீஸ்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். அவன் முதலில் ஐந்தே பொத்தான்கள் போட்டுக் கொண்டுவந்தான். வந்தார், வரவில்லை, திருத்து, அறிக்கை, வெளியேறு. அதோடு வாயை மூடியிருக்கலாம். "பட்டையில ஒன்பது பொத்தானுக்கு இடம் இருக்கு சார். ஆனா எல்லாத்தையும் நிரப்பணும்னு கட்டாயமில்ல" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டான்.

மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் சேலத்துக்காரர்களுக்குத் தூக்கம் வராது. இங்கே நான்கு. உடனே 'பொத்தான் தேர்வு உயர்நிலைக் குழு' என்று பதினோரு பேர் கொண்ட குழு அமைந்தது. சேர்மன்தான் தலைவர். அவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்து, ஏற்காட்டில் ஏரியைப் பார்த்த ஒரு லாட்ஜ் ஹாலில் வந்து இறங்கியதும் அரை மணி நேரம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்குவார்.

ரைட்டர் சாதிக் பாஷாவுக்குக் குழுவில் இடமில்லை. பத்தொன்பது வருடமாகத் தினமும் காலை ஏழரைக்கு மஸ்டர் கொட்டகையில் நின்று, பெயர் கூப்பிட்டு, செக்ரோல் புத்தகத்தில் வந்தவர் வராதவரைக் குறிக்கிறவர் அவர். அந்தக் கம்ப்யூட்டரைக் கையில் பிடிக்கப்போகிற ஒரே ஆளும் அவர்தான். "அதனாலதான் சேர்க்கலைங்க. பயன்படுத்தறவரே பொத்தானைத் தேர்ந்தெடுத்தா அது பாரபட்சம் ஆயிரும்" என்று மேனேஜர் ராஜ்குமார் விளக்கம் சொன்னார். பாஷாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பாஷாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஏழரைக்குக் கொட்டகையில் இல்லாதவர் வராதவர். இது எஸ்டேட் விதி. ஆனால் வாழவந்திப் பக்கமிருந்து வரும் பஸ் எஸ்டேட் கேட்டில் நிற்பது ஏழு நாற்பதுக்கு. அதில் வருகிறவள் தங்கம்மா ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் எஸ்டேட்டுக்குள்ளேயே வரிசையாகக் கட்டிய லைன் வீடு உண்டு. ஏழரைக்குத் தங்கம்மாவின் பெயர் வரும்போது பாஷா பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். 'வந்துகொண்டிருக்கிறாள்' என்று அர்த்தம். அவள் மேடு ஏறி மூச்சு வாங்க வந்து நின்றதும் புள்ளியின் மேலேயே பேனாவால் ஒரு டிக். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் கால் மணி நேரம் கூட நின்று வேலை பார்ப்பாள். பாஷா சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. மேனேஜருக்கு இது தெரியாது. தனக்குத் தெரியாது என்பது மேனேஜருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் அந்தப் புள்ளிக்குக் கனம் கூடியிருந்தது. ஏப்ரல் முதல் மார்ச் கடைசிக்குள் இருநூற்று நாற்பது நாள் வந்த தற்காலிக ஆள், நிரந்தரப் பட்டியலில் ஏறலாம். நிரந்தரமானால் லைனில் ஒரு வீடு. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கிற தங்கம்மாவுக்கு ஒரு வருடம் முதுகுவலி, ஒரு வருடம் புருஷன் சாவு, ஒரு வருடம் மழையில் பாதை அறுந்தது என்று எண்ணிக்கை எப்போதும் எட்டாமலே போனது. இந்த வருடம்தான் எட்டும் தூரத்துக்கு வந்திருந்தது.

இதற்கிடையே குழு உழைத்தது. சும்மா சொல்லக் கூடாது, கடுமையாகவே உழைத்தது. பொத்தான்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய ஆறு பேர் பெங்களூர் போய், ஒரு பெரிய ஓட்டலின் லிஃப்டில் இரண்டு நாள் ஏறி இறங்கினார்கள். அறுபத்து நான்கு பக்க அறிக்கை வந்தது. 'மேலே போவதற்கான பொத்தான் மேலேயும், கீழே போவதற்கானது கீழேயும் உள்ளன; நமது பட்டையோ படுக்கை வசத்தில் உள்ளது; எனவே இந்த ஆய்வு நமக்குப் பொருந்தாது' என்பது அதன் முடிவு. சேர்மன் அதைப் படித்து, துணிச்சலான அறிக்கை என்று பாராட்டினார்.

பிறகு பொத்தான்கள் ஒவ்வொன்றாக நிச்சயமாயின. எடுத்த எடுப்பில் ஆள் பதிவா, ஒரு மரியாதை வேண்டாமா என்று இடது ஓரத்தில் 'வணக்கம்' வந்தது. அதை அழுத்தினால் திரையில் இரண்டு கைகள் குவியும். அடுத்தது 'நிறுவனர்', அழுத்தினால் அவர் படம். 'அறிக்கை' மேனேஜருக்கு என்றால் எனக்கு என்ன என்று உதவி மேனேஜர் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வராததால் 'இரண்டாம் அறிக்கை'யும் வந்தது. 'விழா' என்று ஒன்று. 'தலைமைக்குத் தெரிவி' என்று ஒன்று. 'வெளியேறு' என்பதைப் பார்த்ததும் சேர்மனுக்கு முகம் கறுத்தது. பழைய வேலைநிறுத்தத்தின்போது அவர் வீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருந்த வார்த்தை அது. எடுத்துவிட்டார்கள். 'திருத்து' அடுத்தபடி போனது. "திருத்து-னு ஒரு பொத்தான் வச்சா, தப்பு நடக்கும்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும்" என்றார் ராஜ்குமார்.

ஆக எட்டு நிரம்பியது. ஒன்பதாவது இடம் காலியாக இருந்தது. யோசனைகள் தீர்ந்துபோனதால், வேறு வழியில்லாமல் வசந்த் சொன்னதைக் கேட்டார்கள். தினமும் மஸ்டர் எடுப்பவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாமே என்று அவன் சொல்லியிருந்தான்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு பாஷா லாட்ஜ் ஹாலில் போய் நின்றார். பதினோரு பேர், பதினோரு தண்ணீர் பாட்டில். நிற்பவருக்கு மைக் கொடுத்தார்கள்.

வசந்த் செக்ரோல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டான். "சார், விதியில இல்லாம நடைமுறையில மட்டும் இருக்கற பழக்கம் ஏதாவது உண்டுங்களா? ஒரு பொத்தானுக்கு இடம் இருக்கு. நீங்க சொல்றதைப் போட்டுரலாம்."

பாஷா வாயைத் திறந்தார். அதற்குள் ராஜ்குமார் தொண்டையைச் செருமினார். "நம்ம எஸ்டேட்டில வந்தவன் வந்தவன், வராதவன் வராதவன். மூணாவது ஜாதி மனுசன் இங்க கெடையாது. இல்லீங்களா, ரைட்டர்?"

பாஷாவுக்குப் பன்னிரண்டு வருடப் புள்ளிகளும் கண் முன்னால் வந்தன. அதை மோசடி என்று குழு சொல்லிவிட்டால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், சேலத்தில் கடைசி வருடம் படிக்கிற மகள் ஷிரினின் படிப்பு நடுவில் நிற்கும்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார். மைக்கில் சொன்னதால் அது ஹால் முழுக்கக் கேட்டது.

"இந்தப் பக்கத்துல ஏதோ புள்ளி புள்ளியா இருக்கே சார். தினமும் ஒரே பேருக்கு நேரா" என்றான் வசந்த்.

"அது... பென்சில் சீவறப்ப பட்டதுங்க."

மாதக்கணக்காகத் தினமும் தவறாமல் ஒரே பெயருக்கு நேராகப் பென்சில் சீவுகிற ரைட்டரைப் பார்த்துப் பதினோரு பேரும் தலையாட்டினார்கள். வசந்த் மட்டும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினான். காலியாக இருந்த ஒன்பதாவது இடத்தில் 'தெரிவித்ததைத் தெரிவி' என்ற பொத்தானை வைப்பதென்று ஒரே மனதாகத் தீர்மானமானது.

அன்று சாயங்காலம் பாஷா வீட்டுக்குப் போனதும் ஷிரினின் பழைய டப்பாவைத் தேடி ரப்பர் எடுத்தார். செக்ரோலை மடியில் வைத்துக்கொண்டு, டிக்குகளுக்குக் கீழே துருத்தித் தெரிந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி ஜரீனா பஜாரில் வளையல் கடை வைத்திருக்கிறவள். எதிரே நிற்பவர் பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். புருஷன் முகம் எந்த மூலைக்கு.

"ஏனுங்க, என்னத்த அழிக்கறீங்க?"

"சும்மா. அழுக்கு."

"அழுக்கு நோட்டுலயா இருக்குது?"

அவர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஜரீனா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். "எடம் காலியா இருக்குது, நீங்க சொன்னா போட்டுத் தாரோம்னு கேட்டிருக்காங்க. உங்களுக்குச் சொல்ல வாயில்ல. எங்கிட்ட ரசத்துல உப்பு இல்லைன்னா மட்டும் ஊரு கேக்கச் சொல்றீங்க."

பிப்ரவரி நடுவில், நோன்பு தொடங்கிய வாரம், திறப்பு விழா நடந்தது. குத்துவிளக்கு, நாதஸ்வரம், கம்ப்யூட்டருக்கு ஒரு முழம் மல்லிகை. மஸ்டர் கொட்டகைச் சுவரில் கல்வெட்டு. பதினோரு பெயர்களும் அதில் இருந்தன. சேர்மன் பேசினார்.

"இந்தப் பட்டையை உருவாக்க ஏழு மாதம் இரவு பகல் பாராமல் உழைத்தோம். தொழிலாளர் ஒருவரையும் தொந்தரவு செய்யவில்லை. ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒருவரை மட்டும் கேட்டோம். அவரும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்தில் தங்கம்மாவும் தட்டினாள். அன்று அவள் கணக்கில் இருநூற்று மூன்று நாள். மார்ச் முடிய மீதி முப்பத்தெட்டு வேலை நாள். ஒரே ஒரு நாள் தவறலாம்.

மறுநாள் காலை பாஷா 'வணக்கம்' அழுத்தினார், கைகள் குவிந்தன. பெயர்கள் பச்சையாயின. ஏழரை மஸ்டரில் கடைசிப் பெயர் முடிந்ததும் திரை தானாகவே பூட்டிக்கொண்டது. தங்கம்மா சிவப்பு. ஏழு நாற்பத்தைந்துக்கு அவள் மூச்சு வாங்க வந்து நின்றபோது பாஷா ஒன்பது பொத்தான்களையும் ஒரு சுற்று அழுத்திப் பார்த்தார். நிறுவனர் சிரித்தார். தலைமைக்குத் தெரிந்தது. தெரிந்தது என்பதும் தெரிந்தது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே.

"போச்சாதுங்க, உடுங்க பாய். மெசினு அதுபாட்டுக்குச் செய்யுது, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று தங்கம்மாதான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். "உங்க கைல இருந்தா உட்ருவீங்களா."

அந்த வார்த்தை அன்று பூராவும் நெஞ்சில் சோற்றுப் பருக்கை மாதிரி சிக்கிக்கொண்டிருந்தது. நோன்பு வேறு, தண்ணீர் குடித்து இறக்கவும் வழியில்லை.

மூன்றாம் நாளிலிருந்து தங்கம்மா முதல் பஸ்ஸில் வந்தாள். அது கேட்டுக்கு ஆறு பத்துக்கே வந்துவிடும். பூட்டிய கொட்டகைக்கு வெளியே, பனி இறங்குகிற நேரத்தில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பாஷா அதைப் பார்த்த மறுநாள் விடிகாலை பஜர் தொழுகை முடிந்த கையோடு வந்து கொட்டகையைத் திறந்துவிட்டார். ஜரீனா ஒரு பிளாஸ்க் நிறைய டீ கொடுத்து அனுப்பினாள்.

"டீயைக் குடுத்துட்டு விசயத்தையும் சொல்லிருங்க" என்றாள்.

பாஷா டீயை மட்டும் கொடுத்தார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

"நொம்ப நல்ல மனசுங்க பாய் உங்களுக்கு. நோன்பும் பிடிச்சுக்கிட்டு எனக்காவ வந்து கதவத் தொறக்கறீங்க" என்று தங்கம்மா ஒரு பிஞ்சுப் பலாக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். ஜரீனா அதைக் குழம்பு வைத்தாள். நோன்பு திறந்து உட்கார்ந்த பாஷா, தட்டில் அதை ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். "தின்னுங்க. உங்க நல்ல மனசுக்குக் குடுத்தது" என்றாள் ஜரீனா.

தலைமை அலுவலகத்தில் அப்போது பெரிய சந்தோஷம். அறிக்கையும் இரண்டாம் அறிக்கையும் ஒரே குரலில், எஸ்டேட்டில் இப்போது தாமதமாக வருபவர் ஒருவர்கூட இல்லை என்று காட்டின. தாமதமாக வந்தால் வராதவர்தானே. பொத்தான் பட்டையால் வந்த ஒழுக்கம் என்று ஒரு செய்திக்குறிப்பு அச்சானது.

மார்ச் மூன்றாம் வாரம் பாஷா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தங்கம்மா இனி ஒரு நாள் தவறாமல் வந்தாலும் இருநூற்று முப்பத்தொன்பது. ஒரே ஒரு நாள். அவள் வந்து நின்றதை அவர் கண்ணால் பார்த்த நாள். அவர் மேனேஜரிடம் போனார். மேனேஜர் மனுக் கொடுக்கச் சொன்னார். மனு குழுவுக்குப் போனது. குழு எலுமிச்சம்பழத்தோடு மலை ஏறி வந்தது.

இந்தத் தடவை பாஷா மைக்கை வாங்கவில்லை. "அது பென்சில் சீவறப்ப பட்டது இல்லீங்க" என்றே ஆரம்பித்தார். பன்னிரண்டு வருடப் புள்ளிகளையும் சொன்னார். தான் கேட்கப்பட்டதையும், பொய் சொன்னதையும், அழித்ததையும் சொன்னார். "அந்த ரெண்டு நாள்ல ஒரு நாளையாச்சும் அந்தம்மாவுக்குக் குடுங்க. தண்டனைய எனக்குக் குடுங்க. வேலைய வேணாலும் எடுத்துக்கங்க."

பதினோரு பேரும் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். யாருக்கும் கோபம் வராதது பாஷாவுக்குப் பயமாக இருந்தது. ராஜ்குமார்தான் எழுந்தார். குரலில் அவ்வளவு கனிவு.

"உங்க புள்ளி எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க, ரைட்டர்? நானே ரைட்டரா இருந்து வந்தவன். நானும் வச்சிருக்கேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. பென்சில்ல இருக்கற வரைக்கும் அது உங்க கருணை. பொத்தானா வந்துட்டா அது கம்பெனியோட கொள்கை. கருணைக்கு நீங்க பொறுப்பு. கொள்கைக்கு நாங்க பொறுப்பாவோணும். அதனாலதான் அன்னிக்கு நான் செருமினேன். நீங்களும் புரிஞ்சுக்கிட்டு நல்லபடியா ஒத்துழைச்சீங்க."

தன் பொய்யைத் தான் மட்டும் தனியாகச் சுமந்துகொண்டிருப்பதாகப் பாஷா இதுவரை நினைத்திருந்தார். அது குழுவின் சொத்து என்பது இப்போதுதான் தெரிந்தது.

"பழைய நாளை மாத்த முடியுமா?" என்று சேர்மன் வசந்தைக் கேட்டார்.

"திருத்து பொத்தான் இருந்தா மாத்தலாம் சார். அதை எடுத்துட்டோம். மறுபடி வைக்கணும்னா இருக்கறதுல ஒண்ணை எடுக்கணும்."

பதினோரு பேரும் அவரவர் பொத்தானை நினைத்துக்கொண்டு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். உதவி மேனேஜர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பட்டையைக் கொஞ்சம் நீட்டிப் பத்தாவது பொத்தானுக்கு இடம் செய்யலாம் என்று வசந்த் அலுத்துப்போய்ச் சொன்னான். சட்டென்று ஹாலில் வெளிச்சம் வந்தது போல் எல்லா முகமும் மலர்ந்தது. பத்தாவது பொத்தான் தேர்வுக் குழு அங்கேயே அமைந்தது. பதவிக்காலம் ஒரு வருடம். உண்மையை மனம் திறந்து சொன்னதற்காகப் பாஷாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதை எடுக்கக் கை தூக்கியபோது போட்டோ எடுத்துவிட்டார்கள்.

மார்ச் முப்பத்தொன்று சாயங்காலம் நிரந்தரப் பட்டியல் ஒட்டப்பட்டது. மூன்று பெயர். தங்கம்மா ஆள் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எஸ்டேட் கேட்டுக்குப் போகிற வழியில் கொட்டகைக்கு வந்தாள்.

"ஒரு நாள்ல போச்சுங்க பாய்" என்றாள். "ஊடு கெடைச்சா எம் மவ புவனாவோட புள்ளையக் கொண்டாந்து பக்கத்து ஸ்கூல்ல சேத்துக்கறேன்னு சொல்லி வச்சிருந்தேன். செரி, அடுத்த வருசம் பாப்பம். நீங்க எதுக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு. மெசினு பண்ணதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க."

பாஷா சொன்னார். பதினோரு பேர் முன்னால் கோர்வையாக வந்த பேச்சு, ஒருத்தி முன்னால் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒரு இடம் காலியாக இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

தங்கம்மா கடைசி வரைக்கும் கேட்டாள்.

"கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டாங்க."

"உங்களக் கூப்புட்டு வச்சுக் கேட்டாங்களா?"

"ஆமா, தங்கம்மா."

"நான் மெசினுன்னே நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றாள். திட்டவில்லை, அழவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் ஏப்ரல் ஒன்று. எல்லோருடைய எண்ணிக்கையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. பாஷா பிளாஸ்க்கோடு ஆறு மணிக்கே போய்க் கொட்டகையைத் திறந்து வைத்தார். முதல் பஸ் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. தங்கம்மா மேடு ஏறி வந்து, கொட்டகைக்குள் வராமல் வெளியிலேயே உட்கார்ந்தாள். பாஷா டீ ஊற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார். அதில் ஆடை படிந்தது.

ஏழரைக்கு மஸ்டர் தொடங்கியது. 'வணக்கம்' அழுத்தினார், கைகள் குவிந்தன. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, "தங்கம்மா" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் அவள் அவரை அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"வந்திருக்கறனுங்க, ரைட்டரய்யா."

பாஷா பச்சையை அழுத்தினார்.